அந்த மெஷினை நான் மறைத்து வைக்கப் போவதில்லை

கதிர்,

நேற்றுக் காலை நீ எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாய். அடுத்த அறையிலிருந்து. நமக்கு நடுவே இருந்தது ஒரே ஒரு சுவர். எழுந்து வந்து கதவைத் தட்டியிருந்தால் பத்து எட்டுதான். ஆனாலும் போனில் பேசி அனுப்பினாய், முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயக்கம் போல. "அம்மா, நெக்ஸ்ட் வீக் ஷாலினி வீட்டு ஆளுங்கல்லாம் வருவாங்க. ஆன்ட்டிங்க எல்லாம் உங்க ரூம்லதான் சேலை மாத்துவாங்க. அந்த மெஷினை மட்டும் கொஞ்சம் கப்போர்டுல வச்சுடுங்க லா. அப்புறம் அந்த இன்ஷூரன்ஸை விடுங்க. எத்தனை மாசமா ஃபைட் பண்றீங்க. நானே பே பண்ணிடுறேன், என் கல்யாண கிஃப்ட்னு வச்சுக்கோங்க." இதை நான் மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை, என் பிள்ளை அம்மாவுக்குச் செலவு செய்ய நினைக்கிறானே என்று கொஞ்சம் பெருமையாக இருந்தது. மூன்றாவது தடவை மறுபடியும் கோபம்தான் வந்தது.

உன்னிடம் நேரில் பேசினால் நீ இரண்டாவது வாக்கியத்திலேயே "ஓகே ஓகே மா" என்று கையை உயர்த்திவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணம் முடிந்து பொங்கோலில் உன் புது வீட்டுக்குப் போகும்போது உன் பெட்டியில் சட்டைகளுக்கு மேலே இது இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அதுவரை காத்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. நாளைக் காலை உன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். மடித்து ஒட்டப் போவதில்லை. உன் அப்பா படிக்கட்டும், ஷாலினி படிக்கட்டும், அவள் அம்மா படித்தாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நீ கேட்ட இரண்டுக்கும் பதில் முடியாது என்பதுதான். மெஷின் கப்போர்டுக்குள் போகாது. உன் பணமும் எனக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் வீட்டில் என் குறட்டை ஒரு வேடிக்கையாகவே இருந்தது. நீ பிரைமரி ஒன்னில் படிக்கும்போது என் வாய்ப் பக்கத்தில் உன் விளையாட்டு லாரியை நிறுத்தி வைத்து, "அம்மா இன்ஜின் போட்டுட்டாங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவாய். அப்பா பதினோரு வருஷமாக ஹாலில்தான் படுக்கிறார். கேட்டால் ஃபுட்பால் பார்க்க வசதி என்பார். அந்த மனிதருக்கு எந்த டீம் எந்த ஊரென்று கூடத் தெரியாது, கதிர். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று பதினோரு வருஷமாகப் புரியாத ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் சேர்ந்து சிரித்தேன். பெண் பிள்ளை குறட்டை விடுவதாவது என்று என் மாமியார் காலத்திலிருந்து கேட்ட பேச்சு. சிரித்துவிட்டால் அது பெரிதாகத் தெரியாது, அவ்வளவுதான்.

பகலில் நடந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. மார்சிலிங்கிலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு வேலைக்குப் போக இந்தச் சிங்கப்பூர்த் தீவையே குறுக்காகக் கடக்க வேண்டும். ரயிலில் உட்கார்ந்தால் போச்சு. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்ப வந்து, மறுபடியும் தாண்டிப் போயிருக்கிறேன். அதனால் உட்காருவதையே நிறுத்தினேன். இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே போவேன். சின்னப் பிள்ளைகள் எழுந்து "ஆன்ட்டி, சிட்" என்பார்கள், நான் வேண்டாம் என்று தலையாட்டுவேன். எவ்வளவு திடமான பெண்மணி என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். வீட்டில் எனக்குப் பேர் தூங்குமூஞ்சி. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் பருப்பு கருகும். உன் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடும்போதே பேனா இழுத்துக்கொண்டு போன கோடு இன்னும் அந்தக் கார்டில் இருக்கிறது. உன் டீச்சர் அதைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

இப்போது நீயும் நானும் ஒரு நாளும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். தேசிய சேவையில் அடிப்படை ராணுவப் பயிற்சி முடிந்து உன் அணிவகுப்பு நடந்தது. நான் லீவு போட்டு, பச்சைப் பட்டுச்சேலை கட்டி, அப்பாவுக்கு ஷிப்யார்டில் லீவு கிடைக்காததால் தனியாக வந்து, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். நீங்கள் எல்லாரும் ஒன்றாகக் காலடி வைத்து உள்ளே வந்தது நினைவிருக்கிறது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அடுத்து எனக்குத் தெரிந்தது, பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா என் தோளை உலுக்கியது. கீழே மைதானத்தில் தொப்பிகளை எறிந்து முடித்திருந்தார்கள். பெற்றோர் எல்லாரும் இறங்கிப் போய்ப் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ நடுவில் தனியாக நின்று மேலே பார்த்துத் தேடிக்கொண்டிருந்தாய். நான் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டதை உன்னோடு படித்த இரண்டு பையன்கள் பார்த்திருந்தார்கள் என்பது உன் முகத்திலேயே தெரிந்தது. "வெயில்ல தலை சுத்திடுச்சுப்பா" என்றேன். நீ "போலாம்மா" என்று மட்டும் சொன்னாய். ரயிலில் நான் ஒரு கதவுப் பக்கம், நீ அடுத்த கதவுப் பக்கம். மார்சிலிங் வரும்வரை நீ திரும்பிப் பார்க்கவில்லை.

அது பொய், கதிர். தலை சுற்றவில்லை. தூங்கிவிட்டேன். என் ஒரே பிள்ளை என் கண்ணெதிரே ஆளாகி நடந்து வந்தபோது நான் தூங்கிப்போனேன். அதை இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொல்கிறேன். அந்த மெஷினை அவர்கள் பார்க்கக் கூடாது என்று நீ சொன்னபோது எனக்கு அந்த ரயில் கதவுதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு மல்லிகைப் பூ விவகாரம். என் வேலை உனக்குத் தெரியும். விமானத்தில் வரும் சரக்குக்கு ஏர்வே பில்லைச் சரிபார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் முத்திரை குத்தி வெளியே விடுவேன். ஒரு கட்டம் நிரப்பாமல் விட்டிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். லாரிக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர்களை இங்கே எழுத முடியாது. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள், திருச்சியிலிருந்து மல்லிகை வந்திறங்கியது. ஃபேரர் பார்க் பக்கம் பூக்கடை வைத்திருக்கும் ராஜி அக்காவின் சரக்கு. எல்லாத் தாளும் சரியாக இருந்தது. முத்திரை என் கையில் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தாளின் மேலேயே முழங்கையை வைத்துத் தூங்கிவிட்டேன். வெளியே வெயிலில் பெட்டிகள். போன் அடித்துப் பார்த்துவிட்டு ராஜி அக்காவே டாக்ஸி பிடித்து வந்துவிட்டார். என் கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தட்டினார். "தூங்கிட்டு இருந்தியா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. பெட்டியைத் திறந்தபோது மொட்டு எல்லாம் பழுப்பு நிறமாகியிருந்தது. மறுநாள் கோயிலுக்கு வரும் பாதிப் பேர் அவரிடம்தான் பூ வாங்குவார்கள்.

ஆபீஸில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை நேரத்தில் உறக்கம் என்று தலைப்பு. இத்தனை வருஷ வேலையில் என் ஃபைலில் நுழைந்த முதல் கெட்ட தாள். ஆனால் அந்தத் தாள்தான் என்னை டாக்டரிடம் கொண்டுபோனது. தலையிலும் மார்பிலும் விரல் நுனியிலும் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்துச் சோதனை செய்தார்கள். முடிவைப் பார்த்த அந்தச் சீன டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மேடம், யூ நெவர் ஸ்லீப். யூ லை டவுன் ஒன்லி," என்றார். படுத்தவுடன் தொண்டை மூடிக்கொள்கிறதாம், மூச்சு நிற்கிறதாம், மூளை பதறிப்போய் எழுப்பிவிடுகிறதாம். மறுபடி மூடுகிறதாம், மறுபடி எழுப்புகிறதாம். விடியும்வரை இதே வேலை. எனக்கு எதுவுமே தெரியாது. அந்த அறையிலேயே நான் அழுதுவிட்டேன். வியாதி என்று பயந்து அழவில்லை. இத்தனை வருஷமாகத் தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கினவள் ஒரு நாள்கூடத் தூங்கியதே இல்லை என்று கேட்டால் யாருக்குத்தான் அழுகை வராது.

மூச்சுக் குழாய் மூடாமல் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது, அதன் முகமூடியை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் கம்பெனி இன்ஷூரன்ஸில் அதற்கு இடம் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. முதல் மாதம் சோதனைக்காகக் கொடுப்பார்கள். மெஷினுக்குள் நகம் அளவு ஒரு கார்டு இருக்கிறது, தினமும் எத்தனை மணி நேரம் மாட்டினோம் என்று அதில் பதிவாகும். ஒழுங்காக மாட்டியிருந்தால் மெஷின் அவர்கள் செலவு. மாட்டாவிட்டால் இல்லை. இதைவிட நியாயமான நிபந்தனை உண்டா? நானாக இருந்தாலும் இப்படித்தான் வைத்திருப்பேன்.

முதல் மூன்று நாள் மாட்டினேன். நான்காம் நாள் காலையில் எழுந்தபோது என் கால் என் பேச்சைக் கேட்டது. ரயிலில் உட்கார்ந்துகொண்டு போனேன், தூக்கம் வரவில்லை. உட்லண்ட்ஸ் தாண்டி மரங்களைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக அதே பாதையில் போகிறேன், இவ்வளவு மரம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் விரதம் தொடங்கிற்று.

ஷாலினி வீட்டில் சம்மதிக்காமல் இழுத்தடித்த இரண்டு வருஷமும் நீ சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன், இது நல்லபடியாகக் கூடி வந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று. மார்கழி தொடங்கும் முன்னே சம்மதம் வந்தது. தையில் நான் கடனைத் தீர்க்க வேண்டும். விரதம் என்றால் தெரியுமே, கவிச்சி கிடையாது, தலையணை கிடையாது, வெறும் தரையில் பாய். மெத்தையைச் சுருட்டி வைத்தேன். அப்போது அந்த மெஷினைப் பார்த்தேன். அந்த மூன்று நாள் சுகத்தையும் நினைத்துப் பார்த்தேன். இவ்வளவு சொகுசாகத் தூங்கிக்கொண்டு விரதம் என்று சொல்லிக்கொள்வதா என்று தோன்றியது. மெஷின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சோதனையை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள் என்று ஒரு போன் செய்திருந்தால் போதும், செய்யவில்லை. கோயிலில் யாரிடமும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் யாராவது புத்தி சொல்லியிருப்பார்கள். டாக்டர் சமாச்சாரம் ஒரு பக்கம், சாமி சமாச்சாரம் ஒரு பக்கம் என்று நடுவில் நானே ஒரு சுவரை எழுப்பிக்கொண்டேன். முருகன் என் மூச்சைக் கேட்டாரா? கேட்கவில்லை. நானாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தைப்பூசத்தன்று நடந்தது உனக்குத் தெரியும், நீயும் வெறுங்காலோடு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாய். சிராங்கூன் ரோட்டில் நன்றாகத்தான் நடந்தேன். சிலிகி ரோடு திரும்பியதும் முன்னால் காவடி ஒன்றுக்காக எல்லாரையும் நிறுத்தினார்கள். நின்றேன். நின்றவள் நின்ற இடத்திலேயே தூங்கிவிட்டேன். தலையில் பால்குடம், சுற்றிலும் உறுமி, வேல் வேல் என்று கத்தல், அதற்கு நடுவே தூக்கம். குடம் சாய்ந்ததும் நீ பாய்ந்து பிடித்தாய். பாதிப் பால் உன் மஞ்சள் சட்டையில் கொட்டியது. "அம்மா! தூங்குறீங்களா?" என்று கேட்டாய். ராஜி அக்கா கேட்ட அதே கேள்வி. பிறகு விஷயம் தெரிந்து, வீட்டுக்கு வந்து சத்தம் போட்டாய். "உங்களுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் குடுத்தாலும் அதையும் உண்டியல்ல போட்டுட்டு வருவீங்க!" அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நீ சொன்னது சரி.

இன்ஷூரன்ஸில் கார்டைப் பார்த்தார்கள். மூன்று நாள் பதிவு, மீதியெல்லாம் சுழியம். நோயாளி மெஷினைப் பயன்படுத்தவில்லை, எனவே தேவையில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். தப்பு என் மேல்தான், அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அந்தக் கடைசிச் சொல்லில்தான் எனக்குப் பொறி தட்டியது. தேவையில்லை. மாட்டவில்லை என்று எழுதட்டும், ஒப்புக்கொள்கிறேன். தேவையில்லை என்று எழுத அவர்கள் யார்? மெஷினைத் திருப்பிக் கொடுக்காமல் வாடகைக்கு வைத்துக்கொண்டேன். தைப்பூசத்துக்கு மறுநாள் மாட்டத் தொடங்கியது, இன்றுவரை ஒரு நாள் விடவில்லை. மேல்முறையீடு எழுதினேன், மூன்று வரியில் அதே பதில் வந்தது. அப்போதுதான் நீ எனக்கு யோசனை சொன்னாய். இந்தியாவுக்குப் போயிருந்ததாகச் சொல்லுங்கள், மெஷினை எடுத்துப் போகவில்லை என்று சொல்லுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்றாய். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்த் துணி காயப்போட்டேன். நீ அதைச் சம்மதம் என்று நினைத்திருக்கலாம்.

ஆனியில் ஒரு நாள் லீவு போட்டு நேரில் போனேன், ஷெண்டன் வே பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடம். மெஷினை அதன் பையோடு தூக்கிக்கொண்டுதான் போனேன். என்னைப் பார்க்க வந்தது ஒரு தமிழ்ப் பையன், உன் வயதுதான் இருக்கும். முதலில் இங்கிலீஷில் பேசினான், பையைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினான்.

"ஆன்ட்டி, ட்ரையல் மன்த்ல நீங்க யூஸ் பண்ணினதே மூணு நாள்தான். சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடும், நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"சிஸ்டம் பால்குடம் எடுத்திருக்கா தம்பி?"

அவன் சிரித்துவிட்டான். நான் விரதத்தைச் சொன்னேன், துண்டு போட்டு மூடியதைச் சொன்னேன். தலையைச் சொறிந்தான். பாவம், நல்ல பிள்ளை, உதவி செய்யத்தான் நினைத்தான். "ஆன்ட்டி, ஒண்ணு பண்ணலாம். ட்ராவல்னு போட்டுக்கலாமா? அந்த மன்த் ஓவர்சீஸ்ல இருந்தீங்கன்னு. அதுக்குத் தனியா பாக்ஸ் இருக்கு, டிக் பண்ணா போதும், ஈஸியா போயிடும்." நீ சொன்ன அதே வழி! இத்தனை பேருக்கு ஒரே யோசனை வருகிறது பார். நான் மாட்டேன் என்றேன். பொய்யான சரக்குப் பட்டியலைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியே தலை நரைத்தவள் நான். துணி என்று எழுதிவிட்டு வேறு எதையோ கொண்டுவருகிறவர்களை என் கவுண்டரில் நிறுத்தி வைத்திருக்கிறேன். என் மூச்சுக்காக நான் ஒரு பொய்ச் சீட்டு எழுத வேண்டுமா?

"விரதம்னு போடுங்க."

"அதுக்கு பாக்ஸ் இல்ல ஆன்ட்டி."

"ரிமார்க்ஸ் இருக்கா?"

"இருக்கு. ஆனா யாரும் படிக்க மாட்டாங்க லா."

"படிக்கிற மாதிரி எழுதுவோம்."

நான் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீஷில் தட்டினான். விரதத்துக்காகத் தரையில் படுத்தேன். மெஷின் சொகுசு என்று நினைத்தேன், அது என் தப்பு. அதனால் தலையில் பால்குடத்தோடு ரோட்டில் தூங்கினேன், அதுவே எனக்கு இது எவ்வளவு தேவை என்பதற்கு அத்தாட்சி. தைப்பூசத்துக்கு மறுநாளிலிருந்து ஒரு நாளும் விடவில்லை, கார்டைப் பாருங்கள். என்னைச் சோம்பேறி என்று சொன்னவர்கள் பலர், அதில் நானும் ஒருத்தி. தேவையில்லை என்று நீங்களும் எழுதினால் நான் திரும்பத் திரும்ப வருவேன். கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். கார்டை அங்கேயே அவன் கம்ப்யூட்டரில் போட்டான். பச்சைக் கோடுகள் வரிசையாக வந்தன, ஒரு இடைவெளி இல்லாமல். அவன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். "சூப்பர் ஆன்ட்டி," என்றான். ஐம்பத்தெட்டு வயதில், தூங்கியதற்காக என்னை ஒருவன் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

இப்போது புரிகிறதா, உன் பணம் எனக்கு ஏன் வேண்டாம் என்று? நீ வாங்கித் தந்தால் அது நல்ல பிள்ளை அம்மாவுக்குத் தந்த பரிசு. எல்லாரும் உன்னைப் பாராட்டுவார்கள், நானும் பாராட்டுவேன். ஆனால் நான் அதே தூங்குமூஞ்சியாகவே இருப்பேன், அதோடு ஒரு மெஷினும் சேர்ந்துகொள்ளும். இன்ஷூரன்ஸ் கொடுத்தால் அது வியாதி. அவர்களுக்கு என்னைத் தெரியாது, என் மேல் பாசம் கிடையாது, பத்துக் காரணம் தேடிப் பணம் தராமல் இருப்பதுதான் அவர்கள் பிழைப்பு. அப்படிப்பட்டவர்கள் வாயாலேயே வாங்க வேண்டும், இந்தப் பெண் சோம்பேறி இல்லை, இவளுக்கு மூச்சு நின்றது என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை மாதம் மல்லுக்கு நின்றேன்.

அந்த வரி வந்துவிட்டது, கதிர். நீ குரல் செய்தி அனுப்பியதற்கு முந்தின நாள் வந்தது. உன்னிடம் சொல்ல வாய் வரை வந்ததை அந்தச் செய்தி அடைத்துவிட்டது. மருத்துவ ரீதியாக அவசியம் என்று எழுதியிருக்கிறார்கள். மெஷின் அவர்கள் செலவு. முகமூடியும் குழாயும் மாற்றும் செலவு மட்டும் சேராதாம். விடுவேனா? முகமூடி இல்லாமல் மெஷின் எதற்கு, ஃபேன் மாதிரி ஹாலில் வைத்துக் காற்று வாங்கவா என்று நேற்றே அடுத்த கடிதத்தைத் தொடங்கிவிட்டேன்.

நேற்றுப் பகல் அந்தத் தாளின் நகலை ஆபீஸ் பர்சனல் பிரிவுக்கு எடுத்துப் போனேன். எச்சரிக்கைக் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுக்க முடியாது என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எடுக்க வேண்டாம்மா. நான் தூங்கினது நிஜம்தான். இதை அதுக்கு மேல வச்சுப் பின் குத்திடுங்க," என்றேன். என் எதிரிலேயே குத்தினாள். அங்கிருந்து நேரே ராஜி அக்கா கடைக்குப் போனேன். தாளைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே பிடித்துப் படித்தார். "அப்ப அன்னைக்கு நீ தூங்கலையா?" என்றார். "தூங்கினேன்க்கா. ஆனா திமிர்ல தூங்கல," என்றேன். அவர் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "சரி, பையனுக்கு மாலை எத்தனை?" என்று கேட்டார். உன் கல்யாணத்துப் பூ அவர் கடையிலிருந்துதான். திருச்சியிலிருந்து என் கவுண்டர் வழியாகத்தான் வரும், என் கையால்தான் முத்திரை விழும். அது வாடாது, நீ கவலைப்படாதே.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் இரண்டு வார்த்தை. நாளைக்கு ஷாலினி களைத்துப் போய் உட்கார்ந்தால் சிரிக்காதே, என்ன செய்கிறது என்று கேள். பதினோரு வருஷம் ஹாலில் படுத்து எனக்கு மரியாதை காட்டிய உன் அப்பா, ஒரே ஒரு நாள் என்னை டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கலாம். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உனக்குத் தோன்றட்டும். அப்புறம், உன் உடம்புக்கு வேண்டியதைச் சொகுசு என்று நினைத்து யாருக்கும் காணிக்கை கொடுக்காதே. உன் குறட்டையையும் நான் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கல்யாணம் முடிந்ததும் அந்த டாக்டரைப் போய்ப் பார். இது யோசனை இல்லை, உத்தரவு.

மெஷின் என் கட்டில் பக்கத்தில், அதே சின்ன மேசையில்தான் இருக்கும். பந்தக்கால் நடும் அன்றைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைக்கப் போகிறேன், உன் காருக்கு வைக்கும்போது அதற்கென்ன குறைச்சல். ஷாலினி வீட்டு ஆன்ட்டிகள் சேலை மாற்றும்போது அது என்ன என்று கேட்பார்கள். கேட்கட்டும். உட்காரவைத்துச் சொல்வேன், முகமூடியை மாட்டியும் காட்டுவேன். உனக்கு வெட்கமாக இருந்தால் அந்த நேரம் ஹாலில் அப்பாவோடு உட்கார்ந்து ஃபுட்பால் பார்.

எனக்காக ஒன்றே ஒன்று செய். முகூர்த்தத்தன்று மேளம் ஓங்கும், எல்லாரும் அட்சதை போடுவார்கள், நீ குனிந்து முடிச்சுப் போடுவாய். மூன்றாவது முடிச்சு போட்டதும் ஒரு தடவை நிமிர்ந்து பார். அன்றைக்கு அணிவகுப்பில் நடுவே நின்று தேடினாயே, அதே மாதிரி தேடு. முன் வரிசையில் அதே பச்சைச் சேலையில் இருப்பேன். நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், கண்ணா. முழிச்சிட்டுதான் இருப்பேன்.

அம்மா